அம்மாவை உள்ளபடி எழுதிய மகன்

(புனித மோனிக்கா விழாவன்று, பங்கு அன்னையர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)

 

இன்று ஆகஸ்ட் 27, அம்மா மோனிக்காவின் விழா. நாளை 28, மகன் அகுஸ்தினாரின் விழா. நாளை மறுநாள் வேளாங்கண்ணியில் கொடி ஏறுகிறது. உங்களில் பாதிப் பேருக்கு மனம் இப்போதே அந்தக் கடற்கரைக்குப் போய்விட்டது என்று எனக்குத் தெரியும். ஆகவே வளவளவென்று பேசமாட்டேன்.

அழைப்பிதழில் ‘கண்ணீரின் தாய்’ என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். நல்ல தலைப்புதான். ஆனால் மோனிக்கா அம்மாள் எத்தனை குடம் அழுதார் என்று ஆண்டுக்கு ஆண்டு கேட்டுவிட்டோம். இன்று நான் வேறொன்றைக் கேட்கப்போகிறேன். அந்தத் தாய் இறந்த பிறகு மகன் அவளை எப்படி நினைத்தான்? எதைச் சொன்னான்? எதை மறைத்தான்?

நம் வீட்டில் ஒரு தாய் இறந்தால் நாம் என்ன செய்கிறோம்? தெருமுனையில் ‘கண்ணீர் அஞ்சலி’ பேனர் கட்டுகிறோம். ஓராண்டு நினைவுத் திருப்பலிக்கு அட்டை அடிக்கிறோம். மேலே படம், பிறப்பு, இறப்பு, ஒரு திருப்பாடல் வரி. கீழே ‘அன்பின் சிகரமே, பொறுமையின் உருவமே, தியாகச் சுடரே’. நாலு வீட்டு அட்டையைக் கலைத்துப் போட்டால், எது யாருடைய அம்மா என்று படத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அந்த அம்மாவின் கோபம் எங்கே? அவள் பிடிவாதம் எங்கே? மருமகளிடம் மூன்று வருடம் பேசாமல் இருந்தாளே, அது எங்கே? பிறகு அவளே போய் மருமகள் கையைப் பிடித்தாளே, அந்தக் கதையும் சேர்ந்தே போய்விட்டதே!

அகுஸ்தினார் அட்டை அடிக்கவில்லை. அம்மா இறந்து பத்து ஆண்டுகள் காத்திருந்து, ஹிப்போ நகரின் ஆயரான பிறகு, 397 வாக்கில், ‘கன்ஃபெஷன்ஸ்’ என்று உலகம் சொல்லும் அந்தப் பெரிய நூலை எழுதத் தொடங்கினார். மொத்தம் பதின்மூன்று பகுதிகள். அதில் ஒன்பதாம் பகுதியின் பிற்பாதியை அம்மாவுக்குக் கொடுத்தார். கொடுத்தவர், எங்கிருந்து தொடங்குகிறார் தெரியுமா? அம்மா திருட்டுத்தனமாக மது குடித்த கதையிலிருந்து!

சிரிக்கிறீர்கள். சிரிக்க வேண்டியதுதான். ஆனால் முழுக்கக் கேளுங்கள்.

மோனிக்கா ஏறத்தாழ 331-ல் வட ஆப்பிரிக்காவில் தகாஸ்தே என்ற சிற்றூரைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். அந்த ஊர் இன்று அல்ஜீரியாவில் சூக் அஹ்ராஸ் என்ற பெயரில் இருக்கிறது. அவர் வீட்டில் ஒரு வேலைக்காரக் கிழவி. மோனிக்காவின் அப்பாவையே குழந்தையில் முதுகில் சுமந்தவள். சாப்பாட்டு வேளை தவிர மற்ற நேரத்தில் பெண்பிள்ளைகள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பது அவள் சட்டம். இன்று தண்ணீருக்கு அலைகிறவள், நாளை வாழ்க்கைப்பட்டுப்போய்ச் சாவிக்கொத்து கைக்கு வந்ததும் மதுவுக்கு அலைவாள் என்பது கிழவியின் கணக்கு.

இப்படி வளர்ந்த பெண்ணைத்தான் அப்பாவும் அம்மாவும் பீப்பாயிலிருந்து மது மொண்டுவரச் சொல்லி அனுப்புவார்கள். அடக்கமான பிள்ளையாயிற்றே, நம்பி அனுப்பலாம்! பிள்ளை மொண்டது. ஜாடியில் ஊற்றுமுன் உதட்டை மட்டும் நனைத்துப் பார்த்தது. குடிக்கிற ஆசையில் அல்ல, வயசுக் குறும்பில். இன்று ஒரு துளி, நாளை ஒரு வாய், அப்புறம் கிண்ணம் நிறைய. கூடப் போகும் வேலைக்காரச் சிறுமி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள் இருவருக்கும் சண்டை மூண்டது. வாக்குவாதத்தில் அந்தச் சிறுமி சின்ன எஜமானியை முகத்துக்கு நேரே ‘குடிகாரி’ என்று ஏசிவிட்டாள். அந்த ஒரு சொல்லில் மோனிக்கா கூசிப்போனார். அன்றோடு அந்தப் பழக்கம் ஒழிந்தது. அந்தச் சிறுமி திருத்த நினைத்துச் சொல்லவில்லை, புண்படுத்தத்தான் சொன்னாள் என்பதையும் அகுஸ்தினார் குறிக்கத் தவறவில்லை.

இந்தக் கதை மகனுக்கு எப்படித் தெரியும்? அம்மாவே சொன்னார். தன் பிள்ளையிடம் உட்கார்ந்து, ‘நான் இப்படி ஒரு காரியம் செய்தேனடா’ என்று சொல்லக்கூடிய தாய் அவர். மகன் அதை எழுதினார்.

அடுத்தது கல்யாணம். மாப்பிள்ளை பத்ரீசியுஸ், கிறிஸ்தவர் அல்ல. கொஞ்சம் நிலம், நகர மன்றத்தில் ஒரு பதவி. பாசம் மிகுதி, கோபமும் மிகுதி. வேறு பெண்களோடு தொடர்பும் உண்டு. மோனிக்கா அவர் கோபமாக இருக்கும்போது வாய் திறக்கமாட்டார். ஆறின பிறகு, தான் செய்தது ஏன் என்று எடுத்துச் சொல்வார். அந்த ஊரில் கணவன் அடித்த தழும்போடு வந்து புலம்பும் பெண்கள் பலர். அவர்களிடம் மோனிக்கா, குற்றம் உங்கள் நாக்கில் இருக்கிறது, எஜமானை எதிர்க்காதீர்கள் என்று பாதி விளையாட்டாகப் புத்தி சொல்வாராம்.

தாய்மார்களே, இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிற்கவேண்டும். இந்தப் பகுதியைக் காட்டி ‘அடங்கிப் போ’ என்று எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறோம்! அது நான்காம் நூற்றாண்டில், ஓடிப்போக ஓர் இடமில்லாத ஒரு பெண் தான் பிழைத்த வழியைப் பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொன்னது. பிழைத்த வழியை வேதக்கட்டளை ஆக்கக்கூடாது. கன்னத்தில் வீக்கத்தோடு வருகிறவளிடம் ‘நாவை அடக்கு’ என்பது ஆறுதலே அல்ல, மோனிக்கா அம்மாளே சொல்லியிருந்தாலும் அல்ல. அந்த அம்மாவைப் புனிதை என்று வணங்கிக்கொண்டே நான் இதைச் சொல்லலாம். ஏனென்றால் அவர் மகன் எனக்கு அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறார்.

மாமியார் சங்கதியும் இருக்கிறது. வேலைக்காரிகளின் கோள்மூட்டலில் மாமியார் மனம் திரிந்துபோயிற்று. மருமகள் பொறுமையாக நடந்து மாமியாரைத் தன் பக்கம் திருப்பினார். பிறகு மாமியாரே மகனிடம் சொல்லி, கோள் சொன்னவர்களுக்குச் சவுக்கடி வாங்கிக்கொடுத்தார். குடும்பத்தில் அமைதி வந்தது, யாரோ சிலருடைய முதுகின் விலையில். அதையும் அகுஸ்தினார் எழுதினார்.

ஆனால் மோனிக்காவின் குணங்களில் எனக்குப் பிடித்தது கண்ணீர் அல்ல. இதுதான். இரண்டு பெண்களுக்குள் பகை. இவள் வந்து அவளைப் பற்றிக் கொட்டித் தீர்ப்பாள். அவள் வந்து இவளைப் பற்றிக் கொட்டுவாள். மோனிக்கா இரண்டு காதாலும் கேட்டுக்கொள்வார். இந்தப் பக்கத்துப் பேச்சில் அந்தப் பக்கம் போவது, சமாதானத்துக்கு உதவுகிற சொல் மட்டுமே. மற்றதெல்லாம் அவர் வயிற்றோடு போகும். மகன் இதைச் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. கேட்டதோடு கேளாததையும் கூட்டிச் சொல்கிற கூட்டத்தைத் தாம் பார்த்துப் பார்த்துச் சலித்தபின்தான் இதன் அருமை தெரிந்தது என்கிறார். நம் அன்பியக் கூட்டங்களில் இந்த ஒரே வரத்தைக் கேட்டு மன்றாடினால், பங்குத்தந்தைக்குப் பாதி வழக்கு குறையும்!

சரி, மகன் தடம் புரண்ட கதை உங்களுக்குத் தெரியும். படிக்கப்போன கார்த்தேஜ் நகரில் ஒரு பெண்ணோடு வாழ்ந்தார், ஒரு பிள்ளை பிறந்தது, மானிக்கேயர் என்ற கூட்டத்தில் சேர்ந்தார். ஊருக்குத் திரும்பியபோது அம்மா வீட்டில் சேர்க்கவில்லை, ஒரே பந்தியில் சோறு போட மறுத்தார். இதுவும் அதே மோனிக்காதான், அழுதுகொண்டே இருந்தவர் மட்டுமல்ல! பிறகு ஒரு கனவு கண்டார். தான் ஒரு மர அளவுகோலின்மேல் நிற்பதாகவும், ஒளிவீசும் இளைஞன் ஒருவன் வந்து, நீ நிற்கிற இடத்தில் உன் மகனும் நிற்பான் என்று தேற்றுவதாகவும் கனவு. மகனிடம் சொன்னார். பேச்சுக்கலை ஆசிரியர் அல்லவா மகன்! ‘அப்படியென்றால் ஒருநாள் நீங்கள் என் வழிக்கு வருவீர்கள்’ என்று திருப்பிப் போட்டார். அம்மா ஒரு நொடி தயங்கவில்லை. அவன் இருக்கும் இடத்தில் நீ என்று எனக்குச் சொல்லப்படவில்லை, நீ இருக்கும் இடத்தில் அவன் என்றுதான் சொல்லப்பட்டது என்றார். கனவைவிட அந்தச் சுருக்கென்ற பதில்தான் என்னை அசைத்தது என்று மகனே எழுதுகிறார்.

383-ல் மகன் ரோமுக்குக் கிளம்பினார். அம்மா கார்த்தேஜ் துறைமுகம்வரை வந்து கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நண்பனை வழியனுப்பத்தான் வந்தேன் என்று பொய் சொல்லி, பக்கத்தில் இருந்த புனித சிப்ரியான் கோயிலில் அம்மாவை அன்றிரவு தங்கவைத்துவிட்டு, இருட்டோடு இருட்டாகக் கப்பல் ஏறிவிட்டார். விடிந்து பார்த்தால் மகன் இல்லை. அம்மா என்ன செய்தார்? கரையில் நின்று கதறினார், உண்மை. பிறகு ஊர் திரும்பி, இரண்டு வருடத்துக்குள் தாமும் கப்பல் ஏறினார். ஐம்பது வயதைத் தாண்டிய விதவை! நடுக்கடலில் கொந்தளிப்பு. வழக்கமாக மாலுமிகள் பயணிகளைத் தேற்றுவார்கள். அந்தக் கப்பலில் பயணி மாலுமிகளைத் தேற்றினார்.

மிலான் நகருக்கு வந்து சேர்ந்தார். அங்கே நடந்த ஒரு சிறிய காரியத்தை நான் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் நமக்கு இது மிக நெருக்கம். ஆப்பிரிக்காவில் மறைசாட்சிகளின் கல்லறைக்குப் போகும்போது சாப்பாடு கொண்டுபோவது வழக்கம். மோனிக்காவின் கூடையில் என்ன இருக்கும்? கூழ், ரொட்டி, திராட்சை மது. கூழ் என்றதும் உங்களுக்குப் புரிந்துவிட்டது! படையலைப் பற்றி இந்த மண்ணில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம். நவம்பர் 2-ல் கல்லறைக்கு மெழுகுவர்த்தியும் பூவும் கொண்டுபோகிற நமக்குப் பின்னால், அப்பாவுக்குப் பிடித்த பலகாரத்தை முந்தானையில் மறைத்து எடுத்துவரும் ஒரு பாட்டி இன்றும் இருக்கிறாள். மோனிக்கா எத்தனை கல்லறைக்குப் போனாலும் ஒரே ஒரு சிறு கிண்ணம்தான் எடுத்துப்போவார். அதிலும் மது தண்ணீர் கலந்து கலந்து நீர்த்துப்போய், வெதுவெதுப்பாகிக் கிடக்கும். வந்தவர்களோடு ஆளுக்கு ஒரு வாய் பகிர்ந்துகொள்வார். அவர் தேடிப் போனது பக்தியை, போதையை அல்ல.

மிலானில் வாசல்காப்போன் தடுத்தான். ஆயர் அம்புரோஸ் இதற்குத் தடை போட்டிருக்கிறார் என்றான். குடிகாரர்களுக்கு இது ஒரு சாக்காகிவிடும், முன்னோர் படையல் செய்யும் பழைய ரோமானிய வழக்கத்தை அப்படியே ஒத்தும் இருக்கிறது என்பது ஆயரின் காரணம். ஆயுள் முழுதும் செய்துவந்த பழக்கம். மோனிக்கா மறுபேச்சுப் பேசாமல் கூடையோடு திரும்பினார். கல்லறைக்குக் கொண்டுபோனதை ஏழைகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார்.

எவ்வளவு அழகான கீழ்ப்படிதல் என்று அட்டையில் போட்டு முடித்திருக்கலாம். மகன் முடிக்கவில்லை. தடுத்தது அம்புரோஸாக இல்லாமல் வேறொருவராக இருந்திருந்தால் என் அம்மா இவ்வளவு லேசில் விட்டுக்கொடுத்திருக்கமாட்டார் என்று தோன்றுகிறது என்கிறார். மகனை மனம் திருப்பப்போகும் மனிதர் என்பதால் அம்மாவுக்கு அந்த ஆயர்மேல் தனி மரியாதை. பெற்ற அம்மாவின் பக்திக்குள்ளே கலந்திருந்த பாசத்தையும் பிரித்துக் காட்டிவிட்டார்!

இனி நான் சொல்லப்போவது கசப்பானது. அகுஸ்தினாரோடு ஏறத்தாழ பதினைந்து ஆண்டு வாழ்ந்து, அதியோதாத்துஸ் என்ற மகனையும் பெற்றுக்கொடுத்த அந்தப் பெண். அவள் பெயரை அவர் எங்கும் எழுதவில்லை. மிலானில் மகனுக்கு அந்தஸ்தான இடத்தில் பெண் பார்த்தார்கள். பார்ப்பதில் முன்நின்றவர் மோனிக்கா. நிச்சயிக்கப்பட்ட பெண்ணுக்குச் சட்டப்படி மணவயது வரவே இன்னும் இரண்டு வருடம் இருந்தது. கூட வாழ்ந்தவள் கல்யாணத்துக்கு இடைஞ்சல் என்று ஆப்பிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டாள். இனி வேறொருவனை அறியமாட்டேன் என்று நேர்ந்துகொண்டு, பிள்ளையைத் தகப்பனிடம் விட்டுவிட்டு, அவள் கப்பல் ஏறினாள்.

அவளும் ஒரு தாய்தானே? அவளும் ஒரு கடற்கரையில் நின்றாள்தானே? தன் மகனுக்காகக் கடல் கடந்த மோனிக்காவுக்கு, இன்னொருத்தியின் மகன் அவளைவிட்டுப் பிரிக்கப்படுவது ஏன் உறைக்கவில்லை? அந்தக் காலத்தின் அந்தஸ்துக் கணக்கு, திருமுழுக்குக்கு வழி பிறக்கும் என்ற எண்ணம், எல்லாம் சொல்லலாம். சொன்னாலும் எனக்கு மனம் ஆறவில்லை. மகன் அவளுடைய பெயரை மறைத்தார், ஆனால் நடந்ததை மறைக்கவில்லை. அவள் பிரிந்தபோது தம் நெஞ்சு கிழிந்து இரத்தம் கசிந்ததை எழுதினார்.

அந்தக் கல்யாணமும் நடக்கவில்லை. 386-ல் மிலான் தோட்டத்தில் மகன் மனம் திரும்பினார். உடனே உள்ளே போய் அம்மாவிடம் சொன்னார். அந்த இலையுதிர் காலத்தில் நண்பர்களோடு காசிசியாக்கும் என்ற கிராமத்து வீட்டில் தங்கித் தத்துவ விவாதம் நடத்தினார்கள். சமையல், வீட்டு நிர்வாகம் அம்மா பொறுப்பு. லிசென்சியுஸ் என்ற மாணவப் பையன் கழிவறையில் உட்கார்ந்து உரக்கத் திருப்பாடல் பாடியதற்கு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் அங்கேதான்! ஒருமுறை விவாதம் நடக்கும் இடத்துக்கு வந்து, எதுவரை வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அகுஸ்தினார் அவர் கேள்வியையும் ஏட்டில் குறிக்கச் சொன்னார். அம்மா வியந்துபோய், நீங்கள் படிக்கிற புத்தகங்களில் பெண்கள் இப்படி விவாதத்துக்கு வருவதுண்டா என்று கேட்டார். அந்தக் கேள்வியும் ஏட்டில் ஏறிவிட்டது. பள்ளிப்படிப்பு இல்லாத அந்த அம்மாவின் பேச்சு இன்றும் தத்துவ நூலுக்குள் இருக்கிறது.

387-ல் பாஸ்கா இரவில் அம்புரோஸ் கையால் மகனுக்குத் திருமுழுக்கு. இனி ஊருக்குத் திரும்பலாம் என்று கிளம்பி, ரோமின் துறைமுகமான ஓஸ்தியாவில் கப்பலுக்குக் காத்திருந்தார்கள். ஒருநாள் தாயும் மகனும் மட்டும், தங்கியிருந்த வீட்டின் உள்தோட்டத்தைப் பார்த்த ஒரு சன்னலில் சாய்ந்துகொண்டு, மறுவாழ்வு எப்படி இருக்கும் என்று நெடுநேரம் பேசினார்கள். பேசிப் பேசிச் சொல்லே நின்றுபோன ஓர் இடத்துக்குப் போய்வந்தார்கள். அம்மா சொன்னார்: எனக்கு இந்த உலகத்தில் இனி வேலை இல்லை, நீ கிறிஸ்தவனாவதைப் பார்க்கத்தான் காத்திருந்தேன்.

ஐந்து நாள் கழிந்ததும் காய்ச்சல். ஒருமுறை நினைவு தப்பி மீண்டு, நான் எங்கே இருந்தேன் என்று கேட்டார். சுற்றி நின்ற பிள்ளைகளைப் பார்த்து, உங்கள் அம்மாவை இங்கேயே புதைத்துவிடுங்கள் என்றார். அகுஸ்தினாரால் பேச முடியவில்லை. அவருடைய சகோதரர், அந்நிய மண்ணில் எதற்கு, சொந்த ஊரில் சாகலாமே என்றார். அம்மா அவரைக் கண்ணாலேயே கண்டித்தார். இந்த உடம்பை எங்கே வேண்டுமானாலும் போடுங்கள், அதைப்பற்றிக் கவலைப்படாதீர்கள், நீங்கள் எங்கே இருந்தாலும் ஆண்டவரின் பீடத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள், அது போதும் என்றார்.

இது எவ்வளவு பெரிய பேச்சு என்று உங்களுக்குத் தெரியும். குடும்பக் கல்லறையில் இடம் பிடித்துவைத்திருக்கிறவர்கள் இந்த மண்டபத்திலேயே பலர். மோனிக்காவும் பிடித்துத்தான் வைத்திருந்தார்! தகாஸ்தேயில், கணவரின் கல்லறைக்குப் பக்கத்தில். கடல் கடந்து போயும் கணவனும் மனைவியும் ஒரே மண்ணில் அடங்கினார்கள் என்று ஊர் சொல்லவேண்டும் என்ற ஆசை. அது வீண் பெருமை என்று மகனே சொல்கிறார். அந்த ஆசை எப்போது கழன்றது என்று எனக்குத் தெரியாமல் போயிற்று என்கிறார். அட்டை எழுதுகிறவர் அந்தப் பழைய ஆசையை விட்டிருப்பார். விட்டிருந்தால், அம்மா கடைசியில் எதைக் கைவிட்டார் என்பதே நமக்குத் தெரிந்திராது.

படுத்த ஒன்பதாம் நாள், தம் ஐம்பத்தாறாவது வயதில், உயிர் பிரிந்தது. அம்மாவின் கண்களை மகன் மூடிவிட்டார். பேரன் அதியோதாத்துஸ் ஓவென்று அலறினான், பெரியவர்கள் அடக்கினார்கள். நம்பிக்கையோடு இறந்தவருக்கு ஒப்பாரி தகாது என்று எல்லாரும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். எவோதியுஸ் என்ற நண்பர் திருப்பாடல் 101-ஐ எடுத்துப் பாட, வீடே பின்பாட்டுப் பாடியது. அடக்கம் முடிந்தது, அகுஸ்தினார் அழவில்லை. துக்கம் கரையும் என்று குளித்துப் பார்த்தார், கரையவில்லை. தூங்கி எழுந்து தனியாகப் படுத்திருந்தபோதுதான் உடைந்தார். அழுதார். இத்தனை வருடம் எனக்காக அழுத அம்மாவுக்காகச் சற்று நேரம் அழுததைப் பாவம் என்று சொல்கிறவர் சிரிக்கவேண்டாம், முடிந்தால் என் பாவத்துக்காக அழட்டும் என்கிறார். சாவு வீட்டில் ‘அழாதே, விசுவாசம் இல்லையா’ என்று பிள்ளைகளை அதட்டுகிற பெரியவர்கள் தயவுசெய்து இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மோனிக்காவின் உடல் பின்னாளில், 1430-ல், ரோமுக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கே அகுஸ்தினார் பெயரில் உள்ள ஆலயத்தில் இருக்கிறது. 1945-ல் ஓஸ்தியாவில் சிறுவர்கள் குழி தோண்டியபோது அவருடைய பழைய கல்லறைக் கல்வெட்டின் ஒரு துண்டு கிடைத்தது. எங்கே புதைத்தாலும் சரி என்றவருக்கு இவ்வளவு ஏற்பாடு!

ஆனால் அவர் கேட்டது கல்வெட்டை அல்ல, பீடத்தில் நினைவை. மகன் அதை எப்படி நிறைவேற்றினார்? அந்தப் பெரிய நூல் நெடுக ‘என் அம்மா’ என்றுதான் வரும். பெயர் ஒரே ஓர் இடத்தில் வருகிறது. ஒன்பதாம் பகுதியின் கடைசியில். என் அம்மா பாவமே செய்யாதவர் என்று நான் சொல்லத் துணியமாட்டேன் என்கிறார். அவருக்காக மன்றாடுகிறார். பிறகு தம் நூலைப் படிக்கும் எல்லாரும் பீடத்தில் மோனிக்காவை நினைக்கவேண்டும் என்று கேட்டு, அடுத்த மூச்சிலேயே அப்பாவின் பெயரையும் சேர்க்கிறார். கோபக்காரர், துரோகம் செய்தவர், சாவுக்குச் சற்றுமுன் திருமுழுக்குப் பெற்றவர். கல்லறையில் சேர்ந்து கிடக்காத இருவரையும் ஒரே மன்றாட்டில் சேர்த்துவிட்டார்.

பங்குத்தந்தையிடம் பேசிவிட்டேன். இன்று மாலைத் திருப்பலியில் இறந்தோருக்கான மன்றாட்டில், உங்கள் வீட்டு அம்மாக்களின் பெயர்களோடு பத்ரீசியுஸ் என்ற பெயரும் வாசிக்கப்படும். யார் இவர், எந்தத் தெரு என்று பக்கத்தில் இருப்பவர் கேட்டால், நீங்கள் சொல்லிக்கொடுங்கள்.